லெகோவில் எறிபொறி: கை எங்கே நிற்க வேண்டும்?

பிள்ளைகள் லெகோ கட்டைகளால் எறிபொறி செய்து, எதிரே நிற்கும் கோபுரத்தைக் காகித உருண்டையால் சாய்த்து விளையாடும்போது இரண்டு கோளாறுகள் வரும். உருண்டை மேலெழும்பாமல் பொறியின் முன்னாலேயே மேசையில் அறைந்து விழும். அல்லது நாலைந்து முறை வீசியதும் பொறியே பெயர்ந்து கையோடு வந்துவிடும். ரப்பர் பேண்டுக்குப் பலம் போதவில்லை என்று இன்னொன்றையும் சேர்த்து மாட்டுவார்கள். இரண்டு கோளாறும் மோசமாகும். கட்டை எந்தத் திசையில் இழுபடுகிறது, எறியும் கை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இரண்டுமே தீர்ந்துவிடும்.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்றைய கட்டையின் அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே குமிழ் இறுகிச் சிக்கிக்கொள்கிறது. பிடிப்பு அவ்வளவுதான், பசையோ கொக்கியோ கிடையாது. மேலிருந்து அழுத்தினால் கட்டை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினாலும் நகராது, மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும். பிரித்துப் பிரித்து விளையாட அந்தக் குணம் வேண்டும். எறிபொறியில் அதுவே தொல்லை.

எறியும் கைக்கு டெக்னிக் வகைத் துளைக்கட்டை தோதானது. 16 குமிழ் நீளமுள்ளதை எடுத்துக்கொள்வோம். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. என்பதால் நீளம் 128 மி.மீ. முன்முனையிலிருந்து நான்காவது துளையில் அச்சைச் செருகினால் முன்னே 32, பின்னே 96 மி.மீ. குட்டை முனை ஒரு பங்கு இறங்கும் நேரத்தில் நீண்ட முனை மூன்று பங்கு எழும். வேகமும் மூன்று மடங்கு. நீண்ட முனையில் உருண்டைக்கு ஒரு சிறு கிண்ணம், குட்டை முனையில் ரப்பர் பேண்ட்.

ரப்பரின் மறுமுனையை அடித்தட்டின் மேலுள்ள கட்டையில் மாட்டினால் அந்தக் கட்டை பிடுங்கிக்கொண்டு வரும். தட்டுக்கு அடியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அப்போது அச்சைத் தாங்கும் கோபுரம் கீழ்நோக்கி அழுந்தி இறுகும். ஆனாலும் கை தடுப்பில் மோதும் கணத்தில் கோபுரம் மேல்நோக்கி ஒரு வெட்டு வாங்குகிறது. கட்டைகள் மெல்ல மெல்ல நெகிழ்வது அதனால்தான். கோபுரத்தை ஒட்டி ஒரு துளைக்கட்டையை நிமிர்த்தி, மேலும் கீழும் முளை செருகிப் பிணைத்துவிட வேண்டும். கோபுரத்தில் இரண்டு துளைக்கட்டைகளுக்கு இடையே இரண்டு தட்டுகளை வைத்தால் துளைகளுக்கு நடுவே சரியாக 16 மி.மீ. வரும், முளைகள் கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது கோணம். கை நிற்கும் நொடியில், கைக்குச் செங்குத்தான திசையில் உருண்டை பறக்கிறது. கை நேராக நிமிரும்வரை விட்டால் உருண்டை கிடைமட்டமாகப் பாயும். முன்பக்கம் சாயும்வரை விட்டால் மேசைதான் இலக்கு. பின்பக்கம் 45 பாகை சாய்ந்திருக்கும்போதே தடுத்தால் 45 பாகையில் எழும். காற்றுத் தடை இல்லாத கணக்கில் அதிகத் தூரம் தருவது அந்தக் கோணம். காகித உருண்டையைக் காற்று இழுத்துப் பிடிப்பதால் இன்னும் சற்றுத் தாழ்வாக எறிவது நல்லது.

குட்டை முனை இறங்கி மோதும் இடத்தில் தட்டுகளை அடுக்கித் தடுப்பு வையுங்கள். ஒரு தட்டின் உயரம் 3.2 மி.மீ. ஒன்றைக் கூட்டினால் உருண்டை ஏறக்குறைய 8 பாகை செங்குத்தாக எழும், குறைத்தால் அதே அளவு தாழும். முழு விளையாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோணத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவைக் குழந்தை தன் விரலாலேயே மாற்றிப் பார்க்கிறது.

காகித உருண்டைக்குப் பதிலாகக் கட்டையையோ கோலிக்குண்டையோ வைத்து வீச விடாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

அழுத்திக் கட்டிய இலக்கு காகித உருண்டைக்கு அசையாது. குமிழ் இல்லாத வழவழப்பான தட்டின் மேல் கட்டைகளைப் பொருத்தாமல் நிறுத்த வேண்டும். எட்டுக் குமிழ்க் கட்டையைக் குறுகிய பக்கம் கீழே இருக்க நிறுத்தினால் லேசாகப் பட்டாலே சாயும், படுக்க வைத்தால் சாயாது. எளிய இலக்கு, கடின இலக்கு என்று பிரித்துப் புள்ளி கொடுக்க இதுவே போதும். கீல் கட்டை இருந்தால் இலக்கை அதில் பொருத்தலாம். விழுந்ததை விரலால் நிமிர்த்திவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். ஒருவர் வீசியதும் மற்றவர் இலக்கை வேறு தூரத்துக்கு நகர்த்தலாம் என்று ஒரு விதி வைத்தால், ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் தடுப்பில் தட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்துத்தான் ஆட வேண்டும்.