குழாய்த் தண்ணீரும் குழந்தைகளின் ரத்தமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு ஊர். 2014-ல் சுமார் ஒரு லட்சம் மக்கள். கார் தொழிற்சாலைகளால் செழித்து, அவற்றில் பல மூடப்பட்டதும் நொடித்துப்போன நகரம். அங்கே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டிருந்ததை, மருத்துவமனைக் கணினியில் அதுவரை யாரும் சேர்த்துப் பார்க்காத பரிசோதனை முடிவுகள்தான் உலகுக்குச் சொல்லின.

சிக்கனத்துக்கு மாற்றிய தண்ணீர்

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக ஃபிளின்ட் மக்கள் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஹியூரான் ஏரித் தண்ணீரைக் குடித்தார்கள். செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் உள்ளூர் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். அதில் குளோரைடு அதிகம், குழாயை அரிக்கும். அரிப்பைத் தடுக்க டெட்ராய்டில் பாஸ்பேட் சேர்த்து வந்தார்கள். ஃபிளின்டில் அதைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்பூச்சு கரைந்து, ஈயம் தண்ணீரோடு வீட்டுக்குள் வந்தது.

தண்ணீர் பழுப்பாக வருகிறது, நாறுகிறது, உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது என்று மக்கள் பாட்டில்களோடு கூட்டங்களுக்குப் போய் முறையிட்டார்கள். பயமில்லை என்றே பதில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, எஞ்சின் பாகங்கள் துருப்பிடிப்பதாகச் சொல்லி அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

கையிலேயே இருந்த சான்று

மோனா ஹன்னா-அட்டிஷா அப்போது அந்நகரின் ஹர்லி மருத்துவமனையில் குழந்தைநல மருத்துவர். தண்ணீரில் ஈயம் இருக்கலாம் என்று 2015 ஆகஸ்டில் அவரை எச்சரித்தவர், குடிநீர்ப் பொறியாளரான பள்ளித் தோழி. ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்த ஈயப் பரிசோதனை கட்டாயம். எனவே சான்று புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஆய்வகப் பதிவுகளிலேயே இருந்தது.

கோடையில் குழந்தைகளின் ரத்த ஈயம் இயல்பாகவே சற்று உயரும். அந்த ஆண்டு ஜூலையில் மாநில அதிகாரிகளின் கணக்கிலும் ஓர் ஏற்றம் தெரிந்தது. பருவகால மாற்றம் என்று ஒதுக்கிவிட்டார்கள். மோனாவின் குழுவோ தண்ணீர் மாறுவதற்கு முந்தைய 2013-ஐயும் மாறிய பிறகான 2015-ஐயும் எடுத்து, இரண்டிலும் ஜனவரி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையான அதே மாதங்களை ஒப்பிட்டது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது.

பின்கோடு மறைத்தது

ஃபிளின்ட் என்ற அஞ்சல் முகவரி கொண்ட வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நகர எல்லைக்கு வெளியே இருப்பவை. அவற்றுக்கு ஆற்றுத் தண்ணீர் போகவே இல்லை. பின்கோடு வாரியாகக் கணக்கிட்டால் அந்தக் குழந்தைகளும் கலந்துவிட, பாதிப்பு குறைவாகத் தெரியும். புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லர் ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் சரியான இடத்தில் குறித்தார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் வீடு வீடாகச் சேகரித்த தண்ணீர் மாதிரிகளின் முடிவுகளும் அதோடு சேர்ந்தன. தண்ணீரில் ஈயம் மிகுந்த வார்டுகளில் விகிதம் 4 சதவீதத்திலிருந்து 10.6-க்கு எகிறியிருந்தது. நகருக்கு வெளியே குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

முதற்கட்டக் கணக்கை வைத்தே, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை 2015 செப்டம்பர் 24 அன்று மோனா பகிரங்கமாக அறிவித்திருந்தார். மாநில அரசு முதலில் மறுத்தது. ஒரு வாரத்துக்குள் அரசின் சொந்தப் பதிவுகளே அவர் சொன்னதை உறுதி செய்தன. அக்டோபர் 16 அன்று பழைய தண்ணீர் திரும்பியது.

கொதிக்க வைத்தால் போகாது

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு ஆபத்து அதிகம். பால்மாவைக் கரைப்பது அந்தத் தண்ணீரில்தானே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும்.

ஃபிளின்டில் பாதிப்பைத் தெளிவாகக் காட்டியது சரியான வீட்டு முகவரிதான். எனவே மருத்துவமனையில் முகவரி கேட்கும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். கதவு எண், தெரு, வார்டு வரை சரியாகச் சொல்லுங்கள். வீடு மாறியிருந்தால் பதிவையும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் தெருத் தண்ணீரில் கோளாறு வந்தால், அதைக் கண்டுபிடிக்க ஒரு மருத்துவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.