"இது எனக்கு எதுக்கு டீச்சர்?"

கம்போங் ராஜாவில் என்னிடம் எஸ்.பி.எம். வரை படித்த மாணவன் ஒருவன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

"உயிர்வேதியியல் வகுப்புல உட்காரவே பிடிக்கல டீச்சர். நொதி, வினைவேகம்னு எல்லாமே மனப்பாடம். இது எனக்கு எதுக்கு? விட்டுட்டு அப்பாவோட காய்கறித் தோட்டத்துக்கே போயிடலாம்னு இருக்கு" என்றான்.

மருத்துவத்துக்கு உதவும், வேலைக்கு உதவும் என்று நானும் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவன் முகம் இன்னும் வாடியது. பிரசங்கம் இப்படித் திருப்பி அடிக்கும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ் ஹல்லமனும் ஜூடித் ஹராக்கிவிச்சும் 2009-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் 262 பள்ளி மாணவர்கள் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் அறிவியல் பாடத்தைச் சுருக்கி எழுதினர். மற்றவர்கள், அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே பயன்படுகிறது என்று எழுதினர். "எனக்கு இது வராது" என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு இரண்டாவது வகை எழுத்தால் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. 2016-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக உயிரியல் வகுப்புகளில் இதே முறையைக் கையாண்டபோது, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த சிறுபான்மை மாணவர்களே அதிகப் பலன் பெற்றனர்.

ஆனால் அதே பயனை ஆசிரியரே எடுத்துச் சொன்னால்? தன்னம்பிக்கை குறைந்தவர்களின் ஆர்வம் மேலும் குறையக்கூடும் என்று 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. "இவ்வளவு முக்கியமானது எனக்கு வரலையே" என்ற பதற்றம்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் பிரசங்கத்தை நிறுத்தினேன். அவனுடைய பாட்டி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "பச்சைக் கொழுந்து எப்படிக் கறுப்பாகுதுன்னு பாட்டியைக் கேட்டு, உன் பாடத்தோட சேர்த்து ஒரு பக்கம் எழுதி வா" என்றேன்.

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் செல்கள் கிழிகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த கேட்டசின்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, பச்சை இலை செம்பு நிறமாகிறது. (இதைப் 'புளிக்கவைப்பது' என்று சொல்வார்கள், உண்மையில் இந்த மாற்றத்துக்கு நுண்ணுயிர் தேவையில்லை.) பிறகு சூடான காற்றில் உலர்த்தும்போது நொதி செயலிழக்கிறது, அது நடத்திய மாற்றமும் நின்றுவிடுகிறது. "வாசம் மாறினதும் சூட்டுக்கு அனுப்பிடுவோம்" என்று பாட்டி சொன்னதைக் கடைசி வரியாக எழுதியிருந்தான். வினைவேகப் பாடத்தை மூக்கால் படித்தவர் அவர்.

விரிவுரையாளர்கள் இதைச் செய்யப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பருவத்தில் இரண்டு மூன்று முறை, பாடத்தில் ஒரு கருத்தைத் தேர்ந்தெடுத்து, அது தன் வாழ்க்கையிலோ வீட்டாரின் வேலையிலோ எங்கே வருகிறது என்று எழுதச் சொன்னால் போதும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும், இல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். இருநூறு பேர் வகுப்பில் இருநூறு பக்கங்களையும் படிப்பது சுமைதான், மறுக்கவில்லை.

மாணவன் திங்கட்கிழமை பஸ் ஏறினான். அந்தத் தாளை விரிவுரையாளரிடம் காட்டப் போவதாகச் சொன்னான்.