உப்புத் தின்ற மஸ்டாங்

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1,100 அடிக்கும் கீழே, ஃபோர்டு நிறுவனத்தின் ஊரான டியர்பார்ன் வரை நீளும் பெரிய சுரங்கம். அங்கே வெட்டியெடுக்கும் உப்பு பனிக்காலச் சாலைகளில் கொட்டப்படுகிறது. பனி உருகும், வண்டி வழுக்காது. உருகிய உப்புத் தண்ணீர் மட்கார்டுக்குள்ளும் கதவின் அடிமடிப்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு தகரத்தைத் தின்ன ஆரம்பிக்கும். மேலே கார் செய்தார்கள். அதைத் தின்னும் சரக்கும் அதே ஊரின் காலடியில் இருந்தது.

அப்படித் தின்னப்பட்ட கார்களில் அமெரிக்கர்கள் அதிகம் உருகுவது 1960களின் ‘மசில் கார்’களுக்காக, அதாவது நடுத்தர உடம்பில் பெரிய இன்ஜின் வைத்த கார்களுக்காக. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் 389 கன அங்குல இன்ஜினை, வாடிக்கையாளர் கேட்டால் கூடுதல் காசுக்குப் பொருத்தித் தரும் சாமான் என்று கணக்குக் காட்டி 1964 மாடலில் நுழைத்தார்கள். அதுதான் ஜிடிஓ. 1964 ஏப்ரல் 17 அன்று ஃபோர்டு மஸ்டாங் வந்தது, ஆரம்ப விலை 2,368 டாலர். மஸ்டாங்கை மசில் கார் என்றால் சுத்த ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், அது உடம்பு சிறிதான ‘போனி கார்’ என்பார்கள். பெரிய வி8 இன்ஜின் உள்ள மஸ்டாங்கின் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தச் சண்டையில் நேரத்தை வீணாக்குவதில்லை. வீட்டு கராஜில் பிரித்துப்போட்டு வேலை பார்க்க ஏற்றது என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்வோம்.

இவை அந்தக் காலத்து இளைஞர்களுக்கான விலையில் விற்ற கார்கள். சில வருஷம் ஓட்டிவிட்டு மாற்றிவிடுவார்கள் என்ற கணக்கில் செய்தவை. பெட்டிபோல் மூடிக்கொண்ட இடங்களின் உட்புறத்துக்குப் பெயிண்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. அறுபது வருஷம் கழித்து ஒருவர் அதை வீட்டில் வைத்து மினுக்குவார் என்று அன்றைக்கு யார் நினைத்தது?

பழைய மஸ்டாங் வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்குப் பெயிண்ட் தேவையில்லை, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் போதும். முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே வரிவரியாக ஓட்டை போட்ட தகரம் இருக்கும். காருக்குள் வெளிக்காற்று வரும் வழி அது. அதற்குக் கீழே மூடிய தொட்டி ஒன்று. தொட்டிக்குள் இரண்டு பக்கமும் தொப்பிபோல் எழும்பிய காற்றுத் துளைகள். காய்ந்த இலையும் சருகும் அங்கே சேர்ந்து மட்கி, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொப்பியின் அடி இத்துப்போகும். ஒருவர் மேலே தண்ணீர் விட, இன்னொருவர் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சுடன் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். முகத்தில் தண்ணீர் சொட்டினால் காலடித் தகரமும் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தரைவிரிப்பைத் தூக்கினால் பல கார்களில் கராஜின் சிமென்ட் தரை தெரியும்.

இந்தத் தொட்டியைச் சரிசெய்ய, டஜன் கணக்கான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு, மேல் தகரத்தைக் கழற்ற வேண்டும். கண்ணில் படாத இடம். அதனால்தான் பலர் அதில் சீலன்ட்டைப் பூசிவிட்டு நேரே நிறத்துக்குத் தாவுகிறார்கள். துருவாக மாறிய இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அந்த வீக்கம்தான் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. துரு மிச்சம் இருந்தால் எத்தனை ஆயிரம் டாலர் பெயிண்டும் அதன் மேல் நிற்காது. என்னைக் கேட்டால், வீட்டில் இந்த வேலைக்கு இறங்குபவர் சமரசம் செய்யக்கூடாத ஒரே விஷயம் தகரம்தான். பளபளப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம்.

மேல்துரு என்றால் தேய்த்தெடுத்து, மிச்சத்துக்கு பாஸ்பாரிக் அமிலம் போட்டால் சரியாகிவிடும். ஓட்டை விழுந்த தகரத்தை நல்ல இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரம் வைக்க வேண்டும். மஸ்டாங்குக்கு உள்ள பெரிய வசதி, தரைத் தகரத்திலிருந்து மட்கார்டு வரை இன்றைக்கும் புதிதாக அடித்து விற்கிறார்கள். சில மாடல்களுக்கு முழு பாடியே கிடைக்கிறது. அதைப் பற்றவைக்க மிக் வெல்டிங் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகரத்தில் ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். பானட், கூரை போன்ற அகலமான தகரங்களுக்கு மணலடித்துச் சுத்தம் செய்யும் ஆசையும் ஆபத்தானது, அவையும் நெளியும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கூரையும் பின்பக்கத் தகரமும் சேரும் இணைப்பில் அந்தக் காலத்தில் ஈயத்தையே உருக்கி நிரப்பினார்கள். முகமூடி இல்லாமல், குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைத்துத் தேய்க்கிற சமாச்சாரம் இல்லை இது.

அதன்பின் வருவது நம்மூர் டிங்கரிங் கடைக்காரருக்குத் தூக்கத்திலும் தெரிந்த வேலை: பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர், நடுவில் முடிவே இல்லாத உப்புத்தாள். இங்கே ஒரு நுட்பம் அழகானது. சாம்பல் நிறப் பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூசிபோல லேசாகத் தூவுகிறார்கள். நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகத் தேய்க்கிறார்கள். பள்ளமான இடத்தில் கறுப்பு அப்படியே தங்கிவிடும். மேடான இடத்தில் பிரைமர் கரைந்து தகரம் எட்டிப்பார்க்கும். கதவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாக ஒரு வரைபடம் விரிந்துவிடுகிறது. கறுப்பு தங்கிய இடத்தில் மீண்டும் பட்டி, மீண்டும் தூவல், மீண்டும் தேய்ப்பு. 80ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து, நிறம் அடிக்கும் முன் 600 வரை போக வேண்டும். விரல் நுனியில் தேய்த்தால் விரலளவுக்குப் பள்ளம் விழும், கட்டையை விடக்கூடாது. கண்ணைவிட உள்ளங்கை நம்பகமானது. மெல்லிய துணியை விரித்து அதன் மேல் கையை ஓட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஸ்ப்ரே செய்வது, மொத்த வேலையில் மிகச் சிறிய பகுதி. தொழிற்சாலையில் மஸ்டாங்குக்கு எனாமல் அடித்து அடுப்பில் சுட்டார்கள். வீட்டில் அவ்வளவு பெரிய அடுப்பு ஏது? அதனால் ஹார்ட்னர் கலந்து தானே இறுகும் யூரித்தேன் பெயிண்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான ஆபத்து. அது ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். வாசனையை வைத்து அளவைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. அந்தச் செலவுக்கு மனசு வராதவர், பிரைமரோடு நிறுத்திக்கொண்டு வண்டியைப் பெயிண்ட் கடைக்கு இழுத்துப்போவது உத்தமம். இன்னொன்று, பல அமெரிக்க வீடுகளில் கேஸ் வெந்நீர் ஹீட்டர் கராஜில்தான் நிற்கும். அதில் எரியும் சின்னச் சுடரும் தின்னர் ஆவியும் சந்தித்தால் காரோடு வீடும் போகும்.

இவ்வளவையும் தாண்டியவர் பிளாஸ்டிக் திரை கட்டி, தூசி எழாமல் தரையை நனைத்து, ஸ்ப்ரே கன்னைச் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பில் பாதியை மூடும்படி அடித்துப்போக வேண்டும். கை மெதுவானால் வழியும். வேகமானால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். சிலிகான் பாலிஷ் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் மீன்கண் மாதிரி குழி விழும். வழிசலையும் சொரசொரப்பையும் பிறகு மேல்பூச்சில் 1500, 2000 நம்பர் தாளால் நீர்விட்டுத் தேய்த்துச் சரிக்கட்டலாம். முதல்முறை அடிப்பவர் மெட்டாலிக் நிறத்தைத் தொடாமலிருந்தால் நல்லது. அதன் மினுமினுப்புத் துகள்கள் ஒரே சீராக விழாவிட்டால் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். கதவில் அடித்த தகட்டில் தொழிற்சாலை நிறத்தின் குறியீடு இருக்கும். அதே நிறம்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. பிடித்த நிறத்தை அடி என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

துருவை அப்படியே விடச் சொல்லும் மூன்றாவது கட்சியும் உண்டு. அவர்கள் காட்டும் சாட்சி, ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங். 1974இல் அதை வாங்கிய ஒரு குடும்பம் பல காலம் வெளியுலகுக்குக் காட்டாமல் வைத்திருந்து, இன்ஜினை ஓடவைத்து, உடம்பில் கைவைக்காமல் 2020இல் ஏலம் விட்டது. கட்டணங்கள் சேர்த்து 37.4 லட்சம் டாலர். மெக்வீன் உட்காராத மஸ்டாங்குக்கு இந்த உதாரணம் பொருந்தாது.

சாதாரண மஸ்டாங்கில் பெரும்பாலும் கணக்கு நேர்மாறு, போட்ட காசை விற்றால் எடுக்க முடிவதில்லை. அதனால்தான் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று பெட்டிகளில் உதிரிபாகங்களோடு விற்பனைக்கு வரும் கார்கள் அங்கே ஏராளம். வாங்கலாம். ஆனால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே தகரத்தில் அது ஒட்டாமல் வழுக்கினால், அங்கே இருப்பது பட்டி. விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது கிளம்பலாம்.