பிறந்த வீட்டில் 6 சதவீதம்

ஜெர்மனியின் மிகப் பழைய கட்சி எஸ்பிடி என்கிற சமூக ஜனநாயகக் கட்சி. அதன் வரலாற்றில் மூன்று ஊர்கள் தவறாமல் வரும். 1869-இல் ஐசனாக் நகரில் ஆகஸ்ட் பேபலும் வில்ஹெல்ம் லீப்க்னெக்டும் ஒரு தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்கள். 1875-இல் கோத்தாவில் அது இன்னொரு தொழிலாளர் இயக்கத்தோடு இணைந்தது. 1891-இல் எர்ஃபுர்ட் மாநாட்டில் கட்சிக்கான கொள்கைத் திட்டம் நிறைவேறியது. மூன்று ஊர்களும் துரிங்கியா மாநிலத்தில், ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. அந்தத் துரிங்கியாவில் 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி நடந்த மாநிலத் தேர்தலில் எஸ்பிடி பெற்றது 6.1 சதவீதம். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டமன்றத்தில் இடமே கிடையாது.

எர்ஃபுர்ட்டில் குடியிருக்கும் நானும் ஜெர்மன் குடியுரிமையோடு அன்று வாக்களித்தேன். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. வாக்குச்சீட்டின் இடது பக்கம் தொகுதி வேட்பாளருக்கு ஒரு குறி, வலது பக்கம் கட்சிக்கு ஒரு குறி. சட்டமன்றத்தில் யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த வலது பக்கக் குறிதான். மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த கையோடு தொலைக்காட்சியில் கணிப்பு வந்துவிடும். அன்று நீலப் பட்டைதான் உயரமாக எழுந்தது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டிக்கு 32.8 சதவீதம். சிடியு என்கிற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 23.6. உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் மாநிலம் ஒன்றில் தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை.

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். 1970 மார்ச் 19-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் எஸ்பிடி பிரதமர் வில்லி பிராண்ட் அன்று கிழக்கு ஜெர்மனியில் இருந்த எர்ஃபுர்ட்டுக்கு வந்தபோது, ரயில் நிலையத்துக்கு எதிரே கூடிய கூட்டத்தில் இளம்பெண்ணாக அவரும் நின்றிருக்கிறார். கிழக்கு ஜெர்மனியின் காவலையும் மீறி, ஜன்னலுக்கு வரச் சொல்லி மக்கள் பிராண்டைக் கூவி அழைத்தார்கள். அவர் ஹோட்டல் ஜன்னலில் வந்து நின்று, அடங்கியிருக்கும்படி கையால் சாடை காட்டினார். தன்னால் அந்த மக்களுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்தது கீழே நின்றவர்களுக்கும் புரிந்தது. நாடு ஒன்றான பிறகு அந்த அம்மா எஸ்பிடிக்குத்தான் வாக்களித்து வந்தார். 1994-இல் இங்கே எஸ்பிடிக்கு 29.6 சதவீதம் கிடைத்தது. இந்த முறை அவர் வாக்கை மாற்றிப் போட்டார். காரணம் கேட்டேன். தேர்தலுக்குத் தேர்தல் விளக்குக் கம்பத்தில் படம் தொங்குகிறது, ஆள் ஒருவரும் தெருவுக்கு வருவதில்லை என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1990-க்குப் பிறகு இங்கே ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பிஷோஃபரோடே ஊரின் பொட்டாஷ் சுரங்கத்தைக் காப்பாற்ற 1993-இல் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இளைஞர்கள் வேலை தேடி மேற்கே போனார்கள். மேற்கிலிருந்து வந்த கட்சிகள் இங்கே தேர்தலில் ஜெயித்தனவே தவிர, ஊருக்கு ஊர் உறுப்பினர்களைச் சேர்த்து வேர் பிடிக்கவில்லை. 1999-இல் சிடியுவுக்கு 51 சதவீதம் கொடுத்த மாநிலம் இது. 2019-இல் அப்போதைய முதல்வர் போடோ ராமலோவின் இடதுசாரிக் கட்சிக்கு 31 சதவீதம் கொடுத்தது. ஐந்தே ஆண்டுகளில், அதே ராமலோ தலைமையில், அக்கட்சி 13.1-க்கு இறங்கியது. இடதுசாரிக் கட்சியிலிருந்து பிரிந்து 2024 தொடக்கத்தில் பிறந்த சாரா வாகன்க்னெக்டின் கட்சி இங்கே 15.8 சதவீதம் பெற்றது. அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தலில் 5 சதவீத வரம்பைத் தொட முடியாமல் வெளியே நின்றது. நிலையான வாக்கு வங்கி என்று இங்கே இனி யாருக்கும் இல்லை.

முதலிடம் பிடித்த ஏஎஃப்டியோடு கூட்டுச் சேர மற்ற கட்சிகள் மறுக்கின்றன. இதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1930 ஜனவரியில் நாஜிக் கட்சிக்கு முதல் மாநில அமைச்சர் பதவி கிடைத்தது இதே துரிங்கியாவில்தான். அந்த அமைச்சர் வில்ஹெல்ம் ஃப்ரிக், பிறகு ஹிட்லரின் உள்துறை அமைச்சரானவர். 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி தாராளவாதக் கட்சியான எஃப்டிபியின் தோமாஸ் கெம்மரிஹ் ஏஎஃப்டியின் வாக்குகளும் சேர்ந்து 45-க்கு 44 என்ற கணக்கில் முதல்வரானார். வாழ்த்தச் சென்ற இடதுசாரிக் கட்சித் தலைவி பூங்கொத்தை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தார். மறுநாளே பதவி விலகுவதாக கெம்மரிஹ் அறிவித்தார். சில நாட்களில் சிடியுவின் தேசியத் தலைவியும் விலகல் முடிவைச் சொன்னார். சிறிய மாநிலமொன்றில் நடந்த ஒரு வாக்கெடுப்பு பெர்லின் வரை ஆட்டம் காட்டியது.

இப்போது சிடியுவின் மாரியோ ஃபோய்க்ட், வாகன்க்னெக்ட் கட்சியோடும் எஸ்பிடியோடும் சேர்ந்து ஆள்கிறார். மொத்தம் 88 இடங்கள், கூட்டணியின் கையில் சரிபாதியாக 44. 32 இடங்கள் வைத்திருக்கும் ஏஎஃப்டி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டதால், மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய அரசியல் சட்டத் திருத்தம் எதையும் அதனால் தடுக்க முடியும். பெர்லினில் இருக்கும் மாநிலங்களின் அவையில் மொத்தமுள்ள 69 வாக்குகளில் துரிங்கியாவுக்கு நான்கு. அந்த நான்கையும் ஒரே மாதிரிதான் போட வேண்டும். கூட்டணிக்குள் ஒத்துப்போகாவிட்டால் ஒதுங்கி நிற்பார்கள், ஒதுங்கி நிற்பதோ எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம்.

பள்ளிக்கூடமும் காவல்துறையும் மாநில அரசின் பொறுப்பு. ஆகவே அடுத்த தேர்தல் வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. ஏஎஃப்டியை ஒதுக்கி வைப்பது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது மட்டும் போதாது. பழைய கட்சிகள் சின்ன ஊர்களில் அலுவலகத்தைத் திறந்து, வாரம் ஒருநாளாவது ஆளை உட்கார வைக்க வேண்டும். பேருந்து நின்றுபோனதையும் மருத்துவர் கிடைக்காததையும் சொல்ல வருகிறவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பேபல் காலத்தில் கட்சி இப்படித்தான் வளர்ந்தது, இனியும் வேறு வழியில்லை.