மாதிரி விமானமும் விசைத் திருப்பமும்

விசைத் திருப்பத்துக்கு உதாரணம் தருக என்று கேட்டால் நம் மாணவர்களில் அநேகர் சீசோ, கதவுக் கைபிடி, ஸ்பனர் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்வர். மூன்றும் சரியானவையே. ஆனால் இவற்றில் கணிப்புப் பிழைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. சீசோவின் ஒரு பக்கம் தாழும், அவ்வளவுதான். கணிப்புப் பிழைத்தால் பல மாத வேலை சில செக்கன்களில் நொறுங்கிப்போகும் ஓர் உதாரணத்தை இங்கு பார்ப்போம். அதுதான் வானொலி அலைகளாற் கட்டுப்படுத்தப்படும் மாதிரி விமானம். அமுக்கம், மின்வலு, அலைச் சமன்பாடு என வெவ்வேறு அலகுகளிற் படித்தவையும் இந்த ஒரு பொருளில் வந்து சேர்வதை இடையிடையே கவனியுங்கள்.

இது நேற்று முளைத்த பொழுதுபோக்கு அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937ஆம் ஆண்டிலேயே ‘பிக் கஃப்’ எனப் பெயரிட்ட மாதிரி விமானத்தை வானொலி மூலம் இயக்கினர். அவ்விமானம் இப்போது சிமித்சோனியன் நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பாகங்களை ஒரு பெட்டியில் இட்டு விற்பதை ‘கிட்’ என்பர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிக் நிறுவனம் வெளியிட்ட ‘கடெற் எல்.ரி.-40’ என்ற கிட், விமானம் ஓட்டப் பழகுபவர்களிடையே நன்கறியப்பட்டது. பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இராது. பல்சா மரக் கீற்றுகள், மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டிய துண்டுகள், கம்பிகள், வரைபடம் ஆகியனவே இருக்கும். ஒட்டிச் சேர்ப்பது கட்டுபவரின் வேலை. எஞ்சின், வானொலிக் கருவிகள், பசை, மேலே போர்த்தும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் என்பவற்றை வேறாக வாங்கவேண்டும்.

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 178 சென்ரிமீற்றர். இறக்கையின் பரப்பளவு 0.58 சதுர மீற்றர். பறக்கத் தயாரான விமானத்தின் திணிவு சுமார் 2.6 கிலோகிராம். வடிவமைத்தவர்கள் இதற்கென எண்ணியது 0.40 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.5 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய, மெதனோல் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சின்.

இந்த எண்களை வைத்து ஒரு சிறு கணிப்புச் செய்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொண்டால் விமானத்தின் நிறை 26 நியூற்றன். மட்டமாகச் சீரான வேகத்திற் பறக்கும்போது இறக்கை தரும் தூக்கு விசையும் ஏறத்தாழ 26 நியூற்றன் ஆகும். விசையைப் பரப்பளவால் வகுத்தால்,

26 ÷ 0.58 = ஏறத்தாழ 45 பஸ்கால்.

இறக்கையின் கீழ்ப்பக்கத்துக்கும் மேற்பக்கத்துக்கும் இடையிலான சராசரி அமுக்க வித்தியாசம் இவ்வளவே. வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 100 000 பஸ்கால் என்பதை நினைத்துப் பாருங்கள். 45 பஸ்கால் என்பது நாலரை மில்லிமீற்றர் உயர நீர் நிரலின் அமுக்கம். உறிஞ்சுகுழாயில் தண்ணீரை அவ்வளவு உயர்த்த மிக இலேசாக உறிஞ்சினாலே போதும். அந்த அற்ப வித்தியாசம் பெரிய பரப்பில் தாக்குவதால் 2.6 கிலோகிராம் வானில் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இறக்கையின் மேலே செல்லும் வளிக்குத் தூரம் அதிகம், கீழே செல்லும் வளியோடு ஒரே நேரத்தில் மறுமுனையை அடையவேண்டும், ஆகவே விரைவாகச் செல்கிறது’ என்று சில குறிப்புகளிற் காணலாம். அதை எழுதவேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் மேலே செல்லும் வளி முந்தியே போய்விடுகிறது. இறக்கை வளியைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, வளி இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று நியூற்றனின் மூன்றாம் விதியைக் கொண்டு எழுதினால் அது சரியான விளக்கம்.

கட்டும் வேலை

பல்சாவைத் தெரிந்ததன் காரணம் அதன் அடர்த்தி. தேக்கு ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம் என்றால், பல்சா சுமார் 160 கிலோகிராம்தான். ஆனாலும் பாரத்துக்குத் தக்க வலிமை அதற்கு உண்டு, அந்த வலிமை நார் ஓடும் திசையிலேயே உண்டு. இதைப் பயன்படுத்தும் விதத்தை இறக்கையிற் பார்க்கலாம். இறக்கையின் நீளத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு கோல்கள் செல்லும். பறக்கும்போது இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைய முயலும். அப்போது மேற்கோல் நெருக்கப்படும், கீழ்க்கோல் இழுபடும். இரண்டுக்கும் இடையே மெல்லிய பல்சாத் தகடுகளை நார் நிலைக்குத்தாக இருக்குமாறு ஒட்டிவிட்டால், இரு கோல்களும் தனித்தனியே வளையாமல் ஒரே உத்தரம்போல் நின்று தாங்கும். ஒரு சில கிராம் தகட்டினால் இறக்கை பலமடங்கு விறைப்பாகிறது. கட்டுபவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் பாகமும் இதுவே.

வேலை செய்யும் பலகை மட்டமாக இருக்கவேண்டும் என்பதை எல்லாக் கிட்டிலும் முதல் வரியில் எழுதியிருப்பார்கள். வளைந்த பலகையில் ஒட்டிய இறக்கை முறுகியே உலரும். பிறகு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தூக்கும், விமானம் தானாகவே சரியும்.

எஞ்சினுக்குப் பதிலாக மோட்டர்

இனி நம் விடயத்துக்கு வருவோம். கிட்டை வாங்கியவர் அதை அப்படியே கட்டுவதில்லை. ஏதாவது மாற்றம் செய்ய விரும்புவார். இன்று பலரும் செய்யும் மாற்றம், எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டரும் பற்றரியும் பொருத்துவது. எண்ணெய் சிந்தாது, சத்தம் குறைவு, ஆளியைப் போட்டதும் ஓடும். ஆனால் விமானத்தின் மூக்கில் ஒரு பொருளை எடுத்து வேறொன்றை வைக்கும்போதே திருப்பங்களின் சமநிலை குலைந்துவிடுகிறது.

இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின்னோக்கி, இறக்கை அகலத்தின் காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரையிலான பகுதியில் இத்தகைய விமானத்தின் புவியீர்ப்பு மையம் இருக்கவேண்டும். எல்.ரி.-40இன் இறக்கை அகலம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். ஆகவே அது 8 முதல் 11 சென்ரிமீற்றர் வரை ஆகும். சரியான இடம் வரைபடத்திற் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் புள்ளியில் இறக்கையின் கீழே இரு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் கிடையாக நிற்கவேண்டும். நமது மீற்றர் கோலும் கத்தி விளிம்பும் இங்கே இறக்கையும் விரல்களுமாக மாறிவிட்டன.

பழைய எஞ்சினும் புகைக்குழாயும் சேர்ந்து 500 கிராம், புதிய மோட்டர் 280 கிராம் எனக் கொள்வோம். இரண்டினதும் மையம் சமநிலைப் புள்ளிக்கு முன்னால் 30 சென்ரிமீற்றர். ஏனைய சிறு பொருள்களைக் கணிப்புக்கு எடுக்கவில்லை.

மூக்கில் குறைந்த நிறை = 5.0 – 2.8 = 2.2 நியூற்றன்
இழந்த திருப்பம் = 2.2 × 0.30 = 0.66 நியூற்றன் மீற்றர்

இந்த 0.66ஐத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வால் தாழும். கொடுக்கவேண்டியது பற்றரி. அதன் திணிவு 440 கிராம், நிறை 4.4 நியூற்றன். வைக்கவேண்டிய தூரம்,

0.66 ÷ 4.4 = 0.15 மீற்றர்.

சமநிலைப் புள்ளிக்கு முன்னால் 15 சென்ரிமீற்றர். எரிபொருட் தாங்கி இருந்த இடமும் ஏறக்குறைய அதுவே! ஆகவே தாங்கியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பற்றரியை வைக்கலாம். ஈயத்துண்டு எதுவும் ஒட்டத் தேவையில்லை. இவ்வகைக் கணக்கில் மாணவர் விடும் பெரிய பிழை, தூரத்தை விமானத்தின் மூக்கிலிருந்து அளப்பது. திருப்பம் எப்போதும் சுழற்சிப் புள்ளியிலிருந்து அளக்கப்படும் செங்குத்துத் தூரத்தைக் கொண்டே கணிக்கப்படும். கிராமை நியூற்றனுக்கு மாற்ற மறப்பது அடுத்த பிழை.

பழைய முறையோடு ஓர் ஒப்பீடு செய்யலாம். தாங்கியில் 300 கிராம் எரிபொருள் நிரம்பியிருந்தால் அதன் திருப்பம் 3 × 0.15 = 0.45 நியூற்றன் மீற்றர். எரிபொருள் தீரத் தீர இத்திருப்பம் பூச்சியத்தை நோக்கிக் குறையும், மூக்கு இலேசாகிக்கொண்டே போகும். ஆகவேதான் எஞ்சின் விமானத்தைத் தாங்கி வெறுமையாக இருக்கும்போது சமநிலை பார்ப்பர். பற்றரி விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை. பற்றரி மின்னிறக்கம் அடைந்தாலும் நிறை குறைவதில்லை.

வால் பாரமாவது ஏன் இவ்வளவு ஆபத்தானது? புவியீர்ப்பு மையம் முன்னால் இருக்கும்போது காற்று மூக்கை உயர்த்தினால், வால் அதை மீண்டும் கீழே கொண்டுவரும். மையம் பின்னே நகர நகர அந்த மீளும் தன்மை குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமற்போகும். அதன்பின் சிறிதாக உயர்ந்த மூக்கு மேலும் மேலும் உயரும். தரையில் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அதை அடக்குவது கடினம். மூக்கு சற்றுப் பாரமானால் விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் பத்திரமாக இறக்கிவிடலாம்.

இனி வாலைப் பார்ப்போம். அழகுக்காகப் பூசிய வர்ணமும் தடித்த பசையுமாக வாலில் 20 கிராம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் 75 சென்ரிமீற்றர். திருப்பம் 0.2 × 0.75 = 0.15 நியூற்றன் மீற்றர். இதை 30 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள மூக்கில் ஈடுசெய்ய 0.5 நியூற்றன், அதாவது 50 கிராம் வேண்டும். ஆக, 20 கிராம் அழகுக்காக விமானம் சுமப்பது 70 கிராம். அனுபவமுள்ளவர்கள் வாற்பகுதி மரத்தை மினுக்கி மினுக்கி மெல்லியதாக்குவதும், அங்கே பசையைத் துளித்துளியாக இடுவதும் இதனாலேயே. மூக்கில் அவர்கள் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

பற்றரியை வெளியே எடுக்க மேற்பக்கத்தில் ஒரு மூடி வெட்டவேண்டிவரும். வெட்டிய துவாரத்தின் ஓரங்களை மெல்லிய ஒட்டுப்பலகையால் பலப்படுத்தவேண்டும். பெட்டிபோன்ற உடலின் ஒரு முகத்தை வெட்டினால் அது எளிதில் முறுகும். உள்ளே குளிர் வளி புகவும் சூடான வளி வெளியேறவும் வழி வேண்டும். வெளியேறும் துவாரம் உட்புகும் துவாரத்தைவிடப் பெரிதாக இருப்பது நல்லது.

வலுவும் பற்றரியும்

மாற்றத்தின் பின் திணிவு 2600 – 500 + 280 + 440 = 2820 கிராம். கூடிவிட்டதே என்று தோன்றலாம். முன்பு புறப்படும்போது எரிபொருளும் கூடவே ஏறியதை மறக்கவேண்டாம். பழகு விமானத்துக்குக் கிலோகிராமுக்குச் சுமார் 200 உவாற்று போதும் என்பது இப்பொழுதுபோக்கில் வழங்கும் அனுபவக் கணக்கு. நமக்கு ஏறத்தாழ 560 உவாற்று தேவை. நான்கு கலங்களைத் தொடராக இணைத்த இலிதியம் பொலிமர் பற்றரியின் அழுத்த வித்தியாசம் 4 × 3.7 = 14.8 வோல்ற்று. 40 அம்பியர் எடுத்தால் வலு 14.8 × 40 = 592 உவாற்று. போதுமானது. பற்றரியின் கொள்ளளவு 4 அம்பியர் மணித்தியாலம் என்றால் முழு வேகத்தில் 4 ÷ 40 = 0.1 மணித்தியாலம், அதாவது 6 நிமிடம். மட்டமாகப் பறக்க முழு வேகம் தேவையில்லை என்பதால் பறக்கும் நேரம் இதனிலும் கூடும்.

இப்பற்றரி கைத்தொலைபேசியின் பற்றரிக்கு உறவினர்தான், ஆனால் கோபக்காரர். ஒரு கலத்தை 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றினாலோ, குத்திச் சேதப்படுத்தினாலோ தீப்பற்றலாம். ஆள் இல்லாத அறையில் மின்னேற்றக்கூடாது.

வானொலி அலை

முன்னர் அமெரிக்காவில் இவ்விமானங்களுக்கு 72 மெகா ஹேட்ஸ் அளவிலான மீடிறன்கள் பயன்பட்டன. அலைநீளம் = வேகம் ÷ மீடிறன் என்பதன்படி அது ஏறத்தாழ 4.2 மீற்றர். அலைநீளத்தின் காற்பங்கு அளவுள்ள அன்ரனா என்றால் ஒரு மீற்றருக்கு மேல். அதனால் பழைய விமானங்களின் வாலிலிருந்து ஒரு நீண்ட கம்பி தொங்கும். 2000களின் நடுப்பகுதியில் பரவத் தொடங்கிய 2.4 கிகா ஹேட்ஸ் கருவிகளில் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர், காற்பங்கு 3 சென்ரிமீற்றர் அளவே. மேலும், பழைய முறையில் இருவர் ஒரே மீடிறனை இயக்கிவிட்டால் இருவரது விமானமும் கட்டுப்பாட்டை இழக்கும். புதிய கருவிகள் தமக்குரிய சமிக்ஞையைத் தாமே பிரித்தறிகின்றன.

பறக்கவிடும் முன் விமானத்தின் பின்னால் நின்று ஒரு சோதனை செய்வர். கட்டுப்பாட்டுக் கோலை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடிப்புத் தகடு மேலெழவேண்டும், இடது தகடு தாழவேண்டும். இது மாறியிருந்தால் தரையில் ஒன்றும் தெரியாது. மேலே போனதும் திருத்தத் திருத்த விமானம் மேலும் சரியும்.

இலங்கையில் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களைத் தொடர்ந்து அது சிறிது காலம் முற்றாகவே தடைசெய்யப்பட்டிருந்தது. விசாரித்து அனுமதி பெறாமல் மைதானத்துக்குக் கொண்டுபோகவேண்டாம். கட்டிச் சமநிலை பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அட்டையில் வெட்டிய சறுக்கு விமானத்தின் மூக்கில் ஒரு காகிதக் கௌவியை முன்பின்னாக நகர்த்தி எறிந்தாலே மேற்கூறிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

பயிற்சி வினா

மேற்கூறிய விமானத்தில், வாலை இயக்கும் 44 கிராம் திணிவுடைய சிறு மோட்டர் சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் 10 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளது. கட்டுபவர் அதை 70 சென்ரிமீற்றர் தூரத்துக்கு, வாலின் அருகே மாற்றுகிறார்.

(அ) இதனாற் கூடும் திருப்பம் எவ்வளவு?
(ஆ) சமநிலையை மீட்க 440 கிராம் பற்றரியை மேலும் எவ்வளவு தூரம் முன்னே நகர்த்தவேண்டும்?
(இ) முன்னே நகர்த்த இடமில்லையெனில், 30 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள மூக்கில் எத்தனை கிராம் ஈயம் சேர்க்கவேண்டும்?

விடைகள்: (அ) 0.264 நியூற்றன் மீற்றர் (ஆ) 6 சென்ரிமீற்றர் (இ) 88 கிராம்