தோரணி நிரப்பு (வரைகலை)

தோரணி நிரப்பு என்பது கணினியில் வரைந்த ஒரு வடிவத்தின் உட்பகுதியை ஒற்றை நிறத்தால் நிரப்பாமல், திரும்பத் திரும்ப வரும் சிறு படம் ஒன்றால் நிரப்பும் முறையாகும். வரைகலை மென்பொருள்களில் இது பேட்டர்ன் ஃபில் என்ற பெயரில் இருக்கும். சேலையின் கட்டம், தரை ஓடு, நிலப்படத்தில் வயலைக் குறிக்கும் சாய்கோடுகள், காலணிப் படத்தில் தோலின் மேற்பரப்பு என எதையும் இம்முறையில் காட்டலாம். இக்கட்டுரை இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இதை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழிலிலிருந்து எடுக்கப்பட்டவை.

இவ்வட்டார வாசகர்களுக்கு முதலில் ஒரு சொல் விளக்கம் தேவை. காலணித் தொழிற்சாலையில் பேட்டர்ன் என்றால் தோலை வெட்டுவதற்கான அட்டை அளவு. லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் வரைந்து எடுப்பது. வரைகலையில் பேட்டர்ன் என்றால் அந்த அட்டை வடிவத்திற்குள் நிரம்பும் மேற்பரப்பு. இரண்டும் ஒரே படத்தில் வருவதால் குழப்பம் நேர்கிறது. இக்கட்டுரையில் முன்னதை அட்டை என்றும் பின்னதைத் தோரணி என்றும் குறிப்பிடுகிறோம்.

இயங்கும் முறை

தோரணியின் அடிப்படை ஒரு செவ்வகத் துண்டு. அதை அலகு என்போம். மென்பொருள் அந்த அலகை இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் முடிவின்றி அடுக்கி, நாம் வரைந்த வடிவத்தின் எல்லைக்குள் விழும் பகுதியை மட்டும் காட்டுகிறது. தோலை மேசைமேல் விரித்து அட்டையை வைத்து வெட்டுவதைப் போன்றதே இது. இங்க்ஸ்கேப் பயன்படுத்தும் எஸ்விஜி கோப்பு வகை 2001ஆம் ஆண்டு வலைத் தரமாக அறிவிக்கப்பட்டது. அதில் தோரணி ஒரே ஒருமுறை எழுதப்படுகிறது. அதைப் பயன்படுத்தும் வடிவங்கள் அதன் பெயரை மட்டும் சுட்டுகின்றன. ஆகவே நூறு வடிவங்களை ஒரே தோரணியால் நிரப்பினாலும் கோப்பின் அளவு அவ்வளவாகக் கூடுவதில்லை.

சொந்தத் தோரணி செய்தல்

மென்பொருளோடு வரும் கோடுகளும் புள்ளிகளும் பழகுவதற்குப் போதும். வேலைக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வதே நல்லது. வேண்டிய உருவை வரைந்து, தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் பட்டியில் பேட்டர்ன் என்பதன் கீழுள்ள ஆப்ஜெக்ட்ஸ் டு பேட்டர்ன் என்பதை அழுத்த வேண்டும். ஆல்ட் விசையுடன் ஐ அழுத்தினாலும் போதும். அதன்பின் வேறு வடிவத்தைத் தேர்ந்து, ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் தோரணிக்கான பொத்தானை அழுத்தினால் நாம் செய்தது பட்டியலில் இருக்கும்.

தேர்ந்தெடுத்த உருக்களைச் சுற்றிய செவ்வகமே அலகாகிறது. ஒரு வட்டத்தை மட்டும் தோரணியாக்கினால் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது இதனால்தான். இடைவெளி வேண்டுமானால் வட்டத்தைச் சுற்றி நிறமும் கோடும் இல்லாத செவ்வகம் ஒன்றை வரைந்து, இரண்டையும் சேர்த்துத் தோரணியாக்க வேண்டும். செவ்வகத்திற்குக் கோடு இருந்தால் அதன் தடிப்பும் அலகின் அளவில் சேர்ந்துவிடும்.

கோலம் போடுபவர்கள் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என இரண்டு வகை சொல்வார்கள். நேர்ப்புள்ளிக்கு அலகு எளிது. ஒரு சதுரத்தின் நடுவில் ஒரு புள்ளி. ஊடுபுள்ளியில் இரண்டாம் வரிசைப் புள்ளிகள் முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வருகின்றன. இதற்கு ஓர் அலகில் இரண்டு புள்ளிகள் வேண்டும். எல்லாப் புள்ளிகளுக்கும் இடையே 20 மி.மீ. இருக்க வேண்டுமென்றால் அலகின் அகலம் 20 மி.மீ., உயரம் 34.64 மி.மீ. (20ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கியது). இடது மேல் மூலையிலிருந்து அளந்து, முதல் புள்ளியை 5 மி.மீ. வலமும் 8.66 மி.மீ. கீழும், இரண்டாவதை 15 மி.மீ. வலமும் 25.98 மி.மீ. கீழும் வைக்க வேண்டும். புள்ளிகளை மூலைகளில் வைத்து நான்காக வெட்டும் வழியைப் பலர் சொல்லித்தருகிறார்கள். அந்தத் தொல்லை இதில் இல்லை. தோலில் துளையிட்ட காலணிகளின் துளை வரிசையையும் இதே கணக்கில் வரையலாம்.

கோலத்தைக் கணினி விதிகளாக எழுத முடியும் என்பது தமிழ்நாட்டில் முன்பே காட்டப்பட்ட ஒன்று. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை அணி இலக்கணம் என்னும் கணித முறையால் விவரித்தது. இங்க்ஸ்கேப் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வேலை அது.

நகர்த்துதல், திருப்புதல், அளவு மாற்றுதல்

நிரப்பிய வடிவத்தைத் தேர்ந்து கணுக் கருவியை எடுத்தால் தோரணிக்கான கைப்பிடிகள் தெரியும். பெருக்கல் குறி நகர்த்தும், வட்டம் திருப்பும், சதுரம் பெரிதாக்கும், சிறிதாக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சதுரத்தை இழுத்தால் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறும். 2023இல் வந்த 1.3 பதிப்பு முதல் இவற்றையும் அலகுகளின் இடைவெளியையும் பலகையிலேயே எண்ணாகக் கொடுக்கலாம். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இதற்காகவே புதியதற்கு மாறலாம்.

காலணிப் படத்தில் வேம்ப், குவார்ட்டர் முதலிய துண்டுகள் அனைத்தையும் ஒரே திசைத் தோரணியால் நிரப்பினால் படம் ஒரு தாளில் அச்சிட்டு வெட்டி ஒட்டியது போல் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் தோரணியைச் சற்றே திருப்பியும் நகர்த்தியும் வைத்தால் உண்மையான தோற்றம் கிடைக்கும்.

அளவுதான் இதில் பணத்தோடு தொடர்புடைய இடம். தோலின் மேற்பரப்பு நெளிவைத் தொழிலில் கிரெய்ன் என்பார்கள். படத்தில் கிரெய்ன் பெரிதாகத் தெரிந்து, கையில் வரும் மாதிரியில் அது பொடியாக இருந்தால், வாங்குபவர் வேறு தோல் என்றே நினைப்பார். சிறு பட்டறைக்கு ஒரு மாதிரி திரும்பி வருவது தோலும் கூலியும் நாட்களும் சேர்ந்த இழப்பு.

இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியின் மேல்பட்டையில் நான்கு சிறு பொத்தான்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, வடிவத்தை மாற்றும்போது தோரணியும் சேர்ந்து மாறவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. 6ஆம் எண் காலணியின் படத்தை 10ஆம் எண்ணுக்குப் பெரிதாக்கும்போது இது அணைந்திருக்க வேண்டும். கால் பெரிதானால் ஆட்டின் தோல் பெரிதாவதில்லை. முழுப் படத்தையும் விளம்பரத் தாளுக்காகச் சிறிதாக்கும்போது இது இயங்க வேண்டும். இல்லாவிட்டால் காலணி சுருங்க, கிரெய்ன் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். எது எந்த நிலையில் உள்ளது என்று பார்க்காமல் இழுப்பதால் வரும் பிழையே மிகுதி. இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே வேலைக்கு டிரான்ஸ்ஃபார்ம் பேட்டர்ன்ஸ் என்ற தேர்வு உண்டு.

உண்மைத் தோலிலிருந்து அலகு எடுத்தல்

கைப்பேசியில் எடுத்த படம் இதற்கு உதவாது. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்கும். அடுக்கியதும் அந்த வேறுபாடு கட்டம் கட்டமாகத் தெரியும். தட்டை ஸ்கேனரில் தோலை வைத்து 300 டிபிஐ அளவில் எடுப்பது சிறந்தது. 10 செ.மீ. சதுரத் தோல் 1181 புள்ளிச் சதுரமாக வரும். உண்மை அளவு இதிலேயே தெரிந்துவிடுவதால் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. 28 செ.மீ. காலணியை 7 செ.மீ. நீளத்தில் வரைந்தால், இந்த அலகும் கால் பங்காகி 2.5 செ.மீ. அகலத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து விளிம்புகள் பொருந்த வேண்டும். கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, ஆஃப்செட் கட்டளையால் அகலத்திலும் உயரத்திலும் பாதியளவு நகர்த்தி, வெளியேறும் பகுதி மறுபுறம் வந்து சேரும்படி செய்தால், பொருந்தாத விளிம்புகள் படத்தின் நடுவில் சிலுவைபோல் தெரியும். அந்தத் தையலை ஹீல் கருவியால் மெல்ல அழிக்க வேண்டும். டைல் சீம்லெஸ் என்ற வடிகட்டி இதைத் தானே செய்யும் என்றாலும், இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று கலப்பதால் மயிர்த்துளைகள் மங்கிவிடுகின்றன. தோலுக்கு அது வேண்டாம். மாட்டுத்தோலில் துளைகள் ஏறக்குறையச் சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத்தோலில் சிறு கூட்டங்களாக, அலையலையான வரிசைகளில் இருக்கும். தொழில் தெரிந்தவர் பார்ப்பது அதைத்தான்.

வடு, முள் கீறல், கறுத்த புள்ளி போன்றவற்றையும் அலகிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஒரு வடு ஒருமுறை வந்தால் இயற்கை. ஒரே வடு வரிசையாக ஏழு முறை வந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். தோல் தொழிலிலேயே இதற்கு இணையான வேலை உண்டு. குறையுள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து, பூச்சு கொடுத்து, செதுக்கிய தகட்டால் சூடாக அழுத்திச் செயற்கைக் கிரெய்ன் பதிக்கிறார்கள். அச்சுப் பதித்த தோலைப் படமாகக் காட்டுவதற்குத் தோரணி நிரப்பு மிகப் பொருத்தமானது. அங்கே அசலே திரும்பத் திரும்ப வருவதுதான்.

அச்சும் லேசரும்

அலகுகள் சேரும் இடத்தில் திரையில் சில வேளை மயிரிழை போன்ற வெளிர்கோடு தெரியும். விளிம்புப் புள்ளிகளை மென்மையாக்கிக் காட்டுவதால் வருவது அது. பிடிஎஃப் ஆக்கும்போதும் தொடரலாம். வடிவத்தை அதே இடத்தில் நகலெடுத்து, நகலைத் தோலின் அடிநிறத்தால் நிரப்பி, தோரணிக்குக் கீழே வைத்தால் கோடு மறையும்.

தோலில் பூவேலையை லேசரால் பொறிக்கவோ வெட்டவோ கோப்பு கொடுப்பதானால் நிலைமை வேறு. கோடுகளைப் பின்பற்றி இயங்கும் எந்திரங்களின் மென்பொருள்கள் தோரணி நிரப்பைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வெற்று வடிவமாகவே எடுத்துக்கொள்ளும். பேட்டர்ன் டு ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையும் இங்கே உதவாது, ஏனெனில் அது ஓர் அலகை மட்டுமே திருப்பித் தரும். எடிட் பட்டியின் குளோன் பகுதியிலுள்ள டைல்டு குளோன்ஸ் கருவியால் உருவை வேண்டிய அளவு அடுக்கி, குளோன் இணைப்பை நீக்கி, பாதைகளாக்கி, அட்டை வடிவத்தோடு வெட்டிக்கொள்ள வேண்டும். தளத்தில் ஓர் உரு திரும்பத் திரும்ப வரக்கூடிய 17 சமச்சீர் வகைகளும் அக்கருவியில் உள்ளன. அவற்றில் முதலாவதான பி1, நகர்த்துதல் மட்டும் கொண்டது; தோரணி நிரப்பு தரும் அடுக்கு முறையும் அதுவே என்பதால், இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தால் போதும்.