மீன்புண்ணும் வைரசும்

1987 இறுதியில் இலங்கையின் நன்னீர்நிலைகளில் விரால் முதலிய மீன்கள் உடலிற் புண்கண்டு மடிந்தன. 1988இல் இந்நோய் இந்தியாவிலும் தோன்றியது. நோயுற்ற மீன்கள் சிலவற்றிலிருந்து றப்டோவைரசுகள் பிரித்தெடுக்கப்பட்டமையால், வைரசே காரணமெனப் பலர் ஐயுற்றனர். ஆயின் எல்லா மீன்களிலும் வைரசு காணப்படவில்லை. தசையைத் துளைத்துப் படரும், பங்கசு போன்ற அபனோமைசெசு என்னும் உயிரியே காரணமென்பது பின்னர் நிறுவப்பட்டது. தோலைச் சிதைத்து அதற்கு வழிதிறக்கும் காரணிகளுள் ஒன்றாக வைரசு அமையக்கூடும்.

தலைமன்னார் மீனவர் ஆழ்கடலிற் பிடிக்கும் மீன்களுக்கு இந்நோய் உரியதன்று. எனினும், சந்தையில் எழும் அச்சம் கடல்மீன், குளத்துமீன் என வேறுபாடு காண்பதில்லை. விலை வீழ்ந்தால் வலையிழுப்போரின் பங்கே முதலிற் சுருங்கும். சம்மாட்டியிடம் பட்ட கடனோ சுருங்காது. எனவே, நோயின் காரணத்தைத் திருத்தமாக மக்களிடம் எடுத்துரைத்தல் ஆய்வுகூடத்தின் கடமை மட்டுமன்று, உழைக்கும் மக்கள் சார்ந்த கடமையுமாகும் என்பதே நமது கருத்து.